மலையை இடித்த ஐந்து உலக்கைகள்

இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் இடிப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டால் சொல்லுவார். ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவருடையது மேலே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிதறியதைக் கையால் உரலுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பார். தாளம் ஒரு நொடி தப்பினாலும் உலக்கையோடு உலக்கை மோதும்.

இதை அப்படியே இரும்பில் செய்து, அரிசிக்குப் பதில் பாறையைப் போட்டால் அதுதான் ஸ்டாம்ப் மில். சுரங்கத்தில் வெட்டி எடுத்த தாதுக்கல்லை மாவாக இடிக்கும் ஆலை. 140 வருடங்களுக்கு முன்னால், நீலகிரியின் மேற்கு ஓரத்தில் தேவாலா, பந்தலூர் காடுகளுக்குள் இந்த ஆலைகள் இரைந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி, கூடலூர் வழியாகப் போனால் இன்றைய சாலைக் கணக்கில் தேவாலா சுமார் 120 கிலோமீட்டர். ‘அங்கேயா தங்கம் எடுத்தாங்க?’ என்று மேட்டுப்பாளையத்துக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள்.

எடுத்தார்கள். எடுக்கப் பார்த்தார்கள் என்பது இன்னும் சரி.

தென்கிழக்கு வயநாடு என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதியை மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தது 1877-ல். அங்கே தங்கம் உண்டு என்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஓடை மணலை மரத் தட்டில் அலசிப் பொன் துகள் எடுப்பது பழங்குடி மக்களுக்குக் கைவந்த வேலை. வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் பாறையைத் தேடித் தோண்டிய பழைய குழிகளும் காட்டுக்குள் நிறைய இருந்தன. வெள்ளைக்காரர்கள் பின்னாளில் ‘கண்டுபிடித்த’ இடங்களில் பல, இந்தக் குழிகள் கைகாட்டிய இடங்கள்தான்.

அதே சமயம் மலையில் காபி நொடித்துக்கொண்டிருந்தது. தண்டு துளைக்கும் பூச்சி ஒரு பக்கம், இலை நோய் ஒரு பக்கம். தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் தங்கப் பேச்சு கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரோ ஸ்மித்தை 1879-ல் அரசு வரவழைத்தது. தன் கீழ் வேலை பார்த்தவர்களை நடத்திய விதம் பற்றி விசாரணை வந்து, அங்கே பதவியை விட்டவர் அவர். ஆனால் பாறைகளைப் பற்றி அறிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு பாறைத் தொடராகப் போய் மாதிரி எடுத்து, 1880-ல் அறிக்கை கொடுத்தார். டன்னுக்குச் சராசரியாக 11 கிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும் என்பது அதன் சாரம்.

லண்டன் பங்குச் சந்தைக்கு அது போதும். 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் மொத்த மூலதனம், காகிதத்தில், 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. காய்ப்பு நின்றுபோன காபித் தோட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கத் தோட்டங்களாக மாறிக் கொள்ளை விலைக்குப் போயின. மலையையே பார்த்திராதவர்கள் லண்டனில் உட்கார்ந்து பங்கு வாங்கினார்கள். (ஈமு கோழி சமாச்சாரம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வந்தால் அது அவர்கள் தவறு இல்லை.)

இனி அந்த ஆலைக்குள் போய்ப் பார்ப்போம்.

ஒரு பெரிய மரச் சட்டம். அதில் செங்குத்தாக ஐந்து இரும்புத் தண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் கனமான இரும்புத் தலை. தலைக்குக் கீழே தேய்ந்தால் கழற்றி மாட்டக்கூடிய லாடம். தண்டும் தலையும் லாடமும் சேர்ந்த ஓர் உலக்கையின் எடை 300 கிலோவிலிருந்து 450 கிலோ வரை. அதாவது, 75 கிலோ அரிசி மூட்டை நான்கு முதல் ஆறு. இதைத் தூக்குவது மேலே குறுக்காக ஓடும் ஒரு சுழல் தண்டு. அதில் வளைந்த கை மாதிரி பற்கள் இருக்கும். சுழலும்போது ஒவ்வொரு பல்லும் வந்து ஓர் உலக்கையைத் தோளில் தூக்குவதுபோல் தூக்கி, உச்சியில் நழுவ விட்டுவிடும். உலக்கை தன் எடையோடு பொத்தென்று விழும். விழும் உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் உயரத்துக்கும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 90 தடவை விழும்.

ஐந்து உலக்கைக்கும் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 450 அடி. ராத்திரி பகல் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு ஆறரை லட்சம் அடி. இத்தனையும் எதற்கு? சுமார் 10 டன் கல்லை மாவாக்க. ஒரு சின்ன லாரி லோடு.

இதில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. ஐந்து உலக்கைகளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக விழாது. அப்படி விழுந்தால் தண்ணீரில் கலந்த கல் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். ஆகவே 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் விழ வைத்தார்கள். கல் இங்கும் அங்கும் அலைபாய்ந்து எல்லா உலக்கைக்கும் சமமாகப் போய்ச் சேரும். உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிவிடும் அந்தக் கையின் வேலையை, இங்கே விழும் வரிசையே பார்த்துக்கொண்டது. யார் முதலில் யோசித்தாரோ, நிச்சயம் இடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

ஆலை ரொம்பப் பழையது. ஜெர்மனியின் அக்ரிகோலா எழுதி 1556-ல் வெளிவந்த சுரங்கப் புத்தகத்திலேயே, தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் மர உலக்கை ஆலைகளின் படங்கள் இருக்கின்றன. மரம் இரும்பானது, சக்கரத்தின் இடத்துக்கு நீராவி வந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

இடிக்கும் பெட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மாவாகிய கல், முன்பக்கத்துச் சல்லடை வழியாகச் சேறாக வெளியே வழியும். வழிந்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகள் மேல் மெல்ல ஓடும். தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள ஒட்டுறவு தெரிந்ததுதானே? மோதிரத்தில் பாதரசம் பட்டால் வெள்ளையாகிவிடும் என்று நகைக்கடைக்காரர்கள் எச்சரிப்பார்களே, அதே சங்கதி. தங்கத் துகள் தகட்டில் ஒட்டிக்கொள்ள, வெறும் மண் ஓடிவிடும். பிறகு தகட்டைச் சுரண்டி, கிடைத்த கலவையை மெல்லிய தோலில் வைத்துப் பிழிந்து, மீதியை மூடிய இரும்புக் கலயத்தில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் போகும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். கலயத்தில் மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஒரு தங்க உருண்டை.

சத்தம்? ஸ்டாம்ப் மில் இருந்த ஊர்கள் பலவற்றிலும் ஒரே கதையைச் சொல்வார்கள்: ஆலை ஓடும்போது நன்றாகத் தூங்கிய ஜனங்கள், அது நின்ற ராத்திரி திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்களாம்.

இத்தனை கனமான சாமானை மலைக்கு எப்படி ஏற்றுவது? போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-ல். குன்னூருக்கு மலை ரயில் ஏறியது 1899-ல்தான். இடையில் 26 வருடங்கள், மலைக்கு இந்தப் பக்கம் தண்டவாளம் முடியும் ஊர் மேட்டுப்பாளையம். பியானோ, இரும்புக் கட்டில் எதுவானாலும் இங்கே இறக்கி மாட்டு வண்டியில் மாற்றவேண்டும். இன்று உருளைக்கிழங்கு மண்டிகளால் பிழைக்கும் ஊர், அன்று வண்டிகளால் பிழைத்தது. மேற்குக் கரையிலோ பேப்பூர் வரை ரயில் இருந்தது. அங்கிருந்து நிலம்பூர் வழியாக நாடுகாணிக்கு ஒரு கணவாய்ப் பாதை ஏறும். எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றினாலும் கடைசியில் மாடும் மனிதனும்தான் இழுக்கவேண்டும். தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் அந்தப் பக்கத்தில், வண்டிச் சக்கரம் அச்சு வரை புதைந்துபோகும்.

ஏற்றினார்கள். பூட்டினார்கள். ஓட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். மாதிரிக்கு ஒரு கல்லை எடுக்கும்போது கை எந்தக் கல்லுக்குப் போகும்? மினுங்கும் கல்லுக்குத்தான். உலக்கைக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. மினுங்குவது, மினுங்காதது, பக்கத்துப் பாறை எல்லாவற்றையும் சேர்த்து இடித்துத் தள்ளும். அதனால் ஆலை சொல்லும் கணக்குதான் உண்மைக் கணக்கு.

ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு 11 கிராம் கிடைத்தால், 10 டன் இடிக்கும் ஆலை ஒரு நாளில் 110 கிராம் கொடுக்கும். கிட்டத்தட்ட 14 பவுன். லாபம்தான். அதுவே டன்னுக்கு 3 கிராம் என்று இறங்கினால்? 30 கிராம். நாலு பவுன்கூட இல்லை. அதில் விறகு, கூலி, பாதரசம், லண்டன் இயக்குநர்களின் படி எல்லாம் கழியவேண்டும். வயநாட்டில் ஆலைகள் ஓடத் தொடங்கியதும் மாதிரிக் கணக்கு பொய்த்தது. பாறைத் தொடரும் ஆழத்தில் துண்டு துண்டாகப் போய் ஏமாற்றியது. நாலைந்து வருடங்களுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் சுருண்டன.

முக்கியமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று நிலத்துக்கடியில் பார்த்து முடிப்பதற்கு முன்பே இயந்திரம் வாங்கியதுதான் அங்கே நடந்த பெரிய பிழை. பங்குதாரர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். இருட்டுச் சுரங்கத்தைவிட, புகை விடும் ஆலை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உரலும் உலக்கையும் வாங்கிய பிறகு நெல் இருக்கிறதா என்று குதிரைப் பார்த்த கதை. பணம் போட்டவர்கள் போட்டதை இழந்தார்கள். கூலிக்கு வந்து மலேரியாக் காட்டில் வெட்டியவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதை அந்தக் கம்பெனிக் கணக்குகள் பேசுவதில்லை.

அதே 1880-ல், அதே மாதிரி உலக்கைகளோடு இன்னொரு இடத்தில் சூதாட்டம் நடந்தது. மைசூர் சமஸ்தானத்தின் கோலார். அங்கேயும் முதல் வருடங்களில் பணம் கரைந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சுக்கூட எழுந்தது. ஆனால் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய்ப் பார்த்தது. சாம்பியன் பாறைத் தொடர் அகப்பட்டது. பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்வரை, 120 வருடங்களில் சுமார் 5 கோடி டன் பாறையை இடித்து 800 டன் தங்கம் எடுத்தார்கள். சராசரி போட்டால் டன்னுக்கு 16 கிராம். தேவாலாவில் கிடைத்திருந்தால் நீலகிரியின் சரித்திரமே வேறு.

கோலாருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மாரிக்குப்பம், ஊரிகம், சாம்பியன் ரீஃப் என்று அவர்கள் தெருக்களில் இன்றும் தமிழ்தான் கேட்கும். 1902-ல் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்கே விளக்கு வருவதற்கு முன் சுரங்கத்துக்கு வந்துவிட்டது!

உலக்கைக்கு ஓய்வு கொடுத்தது சயனைடு. 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சயனைடு கரைசல், பாதரசத்துக்கு அகப்படாத நுண்ணிய தங்கத்தையும் கரைத்துவிடும். ஆனால் அதற்குக் கல் இன்னும் நைசாக அரைபட வேண்டும். இடித்த மாவுக்கும் அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம் சமையலறைக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். அங்கே வந்ததுதான் பால் மில். உள்ளே இரும்புக் குண்டுகள் போட்டுச் சுற்றும் பெரிய உருளை. உலக்கை போய் ஆட்டுக்கல் வந்தது, ஆட்டுக்கல்லும் போய் கிரைண்டர் வந்தது என்பதுபோல. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஆட்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஆனால் அரைப்பதற்கு முன் உடைக்கவேண்டும். அதைச் செய்வது ஜா கிரஷர். தாடை மாதிரி இரண்டு இரும்புப் பலகை. ஒன்று நிலையாக நிற்கும், மற்றது முன்னும் பின்னும் அசைந்து கல்லைக் கடிக்கும். மேலே வாய் அகலம், கீழே குறுகல். கல் உடைய உடையக் கீழே நழுவி, மறுபடி கடிபட்டு, வேண்டிய அளவானதும் விழுந்துவிடும். 1858-ல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் எலி விட்னி பிளேக், சுரங்கக்காரரே இல்லை. அவர் ஊரில் சாலை போட ஜல்லி உடைக்கும் வேலையை மேற்பார்க்கச் சொன்னார்கள். கூலியாட்கள் சுத்தியலால் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து இதை யோசித்தார். இன்னொரு தகவல்: பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தைச் செய்தாரே எலி விட்னி, அவருடைய மருமகன் இவர். பஞ்சுக்கு மாமா, பாறைக்கு மருமகன். கொங்கு நாட்டின் இரண்டு பிழைப்புகளும் ஒரே குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கின்றன.

ஏனென்றால் அதே தாடை இயந்திரம்தான் இன்று கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் ஓடுகிறது. தங்கத்துக்காக அல்ல, முக்கால் ஜல்லிக்கும் ஒன்றரை ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டின் கூரையில் அதன் கடி இருக்கிறது. அந்தத் தாடையின் பல் தேய்ந்தால் மாற்ற வேண்டிய பிளேட்டை மாங்கனீஸ் எஃகில் வார்க்கிறார்கள். 1882-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய உலோகம் அது. விசித்திரமான குணம் அதற்கு: அடிக்க அடிக்க இறுகும்.

நுரையீரல் அப்படி இல்லை.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதன் நுண்தூசி மூச்சில் போனால் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்று பெயர். ஸ்டாம்ப் மில்லில் தண்ணீர் ஓடியதால் தூசி கொஞ்சம் அடங்கியது. சுரங்கத்துக்குள் உலர்ந்த பாறையில் துளைபோட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோலார் தொழிலாளர்களைப் பரிசோதித்து 1947-ல் வெளியான ஆய்வில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் தெரிந்தது. 800 டன் தங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துப் பேசுவது நியாயம்.

தேவாலாவில் இன்று தேயிலைச் செடிகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. செடிகளுக்கு நடுவே பழைய சுரங்க வாய்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன. தடையை மீறி உளியோடு அதற்குள் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். மண் சரிந்தும் மூச்சடைத்தும் உயிர்கள் போயிருக்கின்றன. வெளியே கொண்டுவந்த கல்லைப் பொடித்துப் பாதரசத்தில் பிடித்துத் திறந்த சட்டியில் காய்ச்சும் வேலையோ இன்னும் மோசம். வெள்ளைக்காரர்களின் இரும்புக் கலயமாவது மூடியிருந்தது. வீட்டு அடுப்பில் காய்ச்சினால் ஆவி வீட்டுக்குள்தான் சுற்றும், முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள். உலகம் முழுக்கக் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய காரணமே இப்படிச் சிறிய அளவில் தங்கம் எடுப்பதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது கிரஷரிலோ, குவாரியிலோ, கல் செதுக்கும் பட்டறையிலோ வேலை பார்த்தால் ஒன்று செய்யுங்கள். தண்ணீர் தெளிப்பான் ஓடுகிறதா என்று கேளுங்கள். துணியைச் சுற்றிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும். நாள்பட்ட இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரிந்து மாத்திரையும் அப்படியே எழுதப்படுவது உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சிலிக்கோசிஸ், இழப்பீடு தரவேண்டிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த தேதி உள்ள சீட்டு எதுவானாலும், கூலிச் சீட்டோ, இ.எஸ்.ஐ. அட்டையோ, பத்திரமாக எடுத்து வையுங்கள்.